கடல் பார்த்த வீடு காசுக்காரனுக்கு, செம்மஞ்சேரி எங்களுக்கு

மாடியில ஒரே ஒரு ரூம், தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சேன்னு. அனுமதி கேட்டுப் போய் நின்னா, அந்த ஆபீஸர் தலையைக்கூட நிமிர்த்தல. "சிஆர்இசட் ஏரியாம்மா. பட்டா இருக்கா?" கேட்டுட்டு ஃபைலை நம்ம பக்கமே தள்ளி விட்டாரு. சிஆர்இசட்னா கடலோரத்துல கட்டடம் கட்டக் கட்டுப்பாடு இருக்கிற பகுதி. குப்பத்துல யாருகிட்டய்யா பட்டா இருக்கு? தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து இந்தக் கரையிலதான் கிடக்கோம். வரி கட்டுறோம், கரண்ட் பில் கட்டுறோம், ஓட்டுக்கு மட்டும் தேடி வர்றாங்க.

சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு இருந்துட்டா வாயை மூடிக்கலாம். அப்படியா இருக்கு? நகரத்துக் கடலோரத்துல எவ்வளவு கட்டலாம்ங்கிற எஃப்எஸ்ஐ கணக்கை 1991 அளவுலயே கட்டிப் போட்டு வெச்சிருந்தாங்க. 2019 ஜனவரில மத்திய அரசு போட்ட புது சிஆர்இசட் அறிவிக்கை அதை அவுத்து விட்டுருச்சு. அதுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? கட்டுப்படியாகிற விலையில வீடு கிடைக்க வாய்ப்பு கூடுமாம்!

யாருக்குக் கட்டுப்படியாகும்? கூடுதலா மாடி ஏத்திக்கோன்னு சொன்னவங்க, அதுல இத்தனை பங்கு ஏழைக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல? எழுதல. எழுதாத வரைக்கும் பில்டர் என்ன, தர்மத்துக்கா விப்பான்? கடல் தெரியிற பால்கனிக்குத் தனி ரேட்டு போடுவான். 300 சதுர மீட்டருக்குள்ள சொந்தமாக் குடியிருக்க வீடு கட்டினா உள்ளாட்சியே அனுமதி கொடுக்கலாம்னும் அதே அறிவிக்கையில இருக்கு. நல்ல விஷயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குப் போனாலும் முதல் கேள்வி பட்டாதானே!

எங்களுக்குன்னு வர்ற வீடெல்லாம் கடலைவிட்டுத் தள்ளித்தான் வரும். சுனாமிக்கு அப்புறம் 2005ல ஒரு அரசாணை போட்டாங்க. கரையில இருந்து 200 மீட்டருக்குள்ள இருக்கிறவங்க எழுந்து போனா புது வீடு, போகலைன்னா உன் காசுல ரிப்பேர் பண்ணிக்கோ, அரசு உதவி கிடையாது. அப்படிப் போனவங்கதான் கண்ணகி நகர்லயும் செம்மஞ்சேரியிலயும் இருக்காங்க. மெரினாவுல இருந்து செம்மஞ்சேரி 20 கிலோமீட்டருக்கு மேல. விடியறதுக்கு முன்னாடி கரைக்கு வந்து, காத்து எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படின்னு பாத்துட்டுத்தான் போட்டைத் தள்ளணும். அந்நேரத்துக்கு எந்த பஸ்ஸு வரும்? போட் இன்ஜினைக் கரையில விட்டா காலையில இருக்காது. ரெண்டு பேரு கழியில கட்டித் தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. செம்மஞ்சேரி வரைக்குமா தூக்குவான்? எங்க அக்காமாரு மீன் கூடையோட பஸ்ல ஏறினா கண்டக்டர் மூஞ்சி போற போக்கு இருக்கே, அதுக்குத் தனிப் பதிவே போடணும்.

சரி, போகாம கரையிலயே இருந்தவங்க? 2024 டிசம்பர்ல பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துல பழைய குடியிருப்போட சன்ஷேடு இடிஞ்சு விழுந்து ஒரு பையன் செத்துட்டான். வயசுப் பையன். அந்தக் கட்டடம் ஆடிக்கிட்டு இருந்தது ஊருக்கே தெரியும், கட்டினவங்களுக்கு மட்டும் தெரியாதா?

இதுல எனக்குப் பொத்துக்கிட்டு வர்றது இன்னொண்ணு. மீனவர் குடும்பங்க பெருகும், அவங்களோட நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டம் போடணும்னு அதுக்கு முந்தின 2011 சிஆர்இசட் அறிவிக்கையிலேயே இருக்கு. போட்டாங்களா? 2023ல கடலோரத்துல எது எங்க இருக்குன்னு காட்டுற சிஆர்இசட் வரைவு வரைபடம் வந்தப்ப, குடியிருப்பு எங்க, வலை காயப்போடுற இடம் எங்க, ஒண்ணும் சரியா இல்லையேன்னு மீனவச் சங்கங்க கத்துச்சு. வரைபடத்துல இல்லாத குப்பத்துக்கு நாளைக்கு எந்த ஆபீஸ்ல போய் நிப்போம்?

புதுசா சட்டம் எதுவும் கேக்கல சாமி. இருக்கிறதுல எழுதின திட்டத்தைப் போடுங்க, குடியிருக்கிற மண்ணுக்குப் பட்டாவைக் கொடுங்க. பக்கத்துல இருவது மாடி எழும்புறதைப் பத்தி எங்களுக்கு வேற சண்டை இருக்கு, அதை அப்புறமா வெச்சுக்கலாம்.