மூச்சுக் கட்டத்தில் "20"

மதுரையில் 22 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்த பொய் எது என்று கேட்டால், கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில், எண்ணாமலே நார்மல் என்று எழுதிவைத்த "20" என்றுதான் சொல்வேன். நானும் எழுதியிருக்கிறேன். பிபிக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சை எண்ண மட்டும் நோயாளியின் நெஞ்சைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நைட் ட்யூட்டி. வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியவர், குடல் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். பிபி 110/70, நாடி 84, ஆக்சிஜன் 95, காய்ச்சல் இல்லை. தாளில் எல்லாம் அழகாக இருந்தது. மகள்தான், "நேத்து வரைக்கும் காபி கேட்டுச் சண்டை போட்டாரு சிஸ்டர், இன்னைக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறாரு" என்றார். நின்று எண்ணினேன். 28.

அதற்கப்புறம் மற்ற எண்களும் வேறு மாதிரி தெரிந்தன. அவர் பழைய பிபிக்காரர். வழக்கமாக 150 இருப்பவருக்கு 110 என்பது நார்மல் இல்லை, இறக்கம். சாப்பிடும் மாத்திரை அட்டெனோலால். உள்ளே என்ன நடந்தாலும் அது நாடியை அவ்வளவு சுலபமாக ஏறவிடாது. சிறுநீர் சேரும் யூரின் பேக்கில் நாலு மணி நேரத்துக்கு 60 மில்லிதான். அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும்.

ட்யூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "சாச்சுரேஷன் 95 இருக்குல்ல சிஸ்டர், காலையில பாப்போம்." அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "என்னமோ சரியில்ல டாக்டர்" என்று நான் ஆரம்பித்ததும் தப்புதான். இரண்டாவது முறை எண்களை வரிசையாகச் சொல்லி, "குடல் தையல் கசியுதோன்னு சந்தேகம், இப்பவே வாங்க" என்றேன். வந்தார். விடிவதற்குள் பெரியவர் மறுபடி தியேட்டருக்குப் போனார். கசிவுதான். பிழைத்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் அன்று சர்ஜனுக்குச் சால்வை. எனக்கு, "சிஸ்டருக்கு உள்ளுக்குள்ள ஏதோ தோணியிருக்கு, சாமி மாதிரி" என்ற பாராட்டு. அன்போடு சொன்னதுதான், ஆனாலும் சுருக்கென்றது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அட்டெனோலால் என்ன செய்யும் என்று படித்திருந்தேன், அவ்வளவுதான். சாமியாடுபவருக்குச் சம்பளம் கேட்கத் தோன்றாது பாருங்கள், எங்களுக்கும் அந்தக் கதிதான்.

பிரிட்டனில் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அதிகபட்ச 3 மதிப்பெண். உடனே யாராவது வந்து பார்க்க வேண்டும். இங்கே பல வார்டுகளில் அதே கட்டத்தைக் கடைசியில் நிரப்புகிறோம். சோம்பல் என்று திட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்: இரவில் 18 பேருக்கு ஒரே ஆள் என்றால் மூச்சு எண்ண மட்டும் 18 நிமிடம். அமெரிக்காவில் 2002-ல் வெளியான லிண்டா ஐக்கனின் ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடுதலானால் ஆபரேஷன் முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று தெரியவந்தது. ஆள் போடச் சொல்லிக் கேட்டால் எங்கள் நிர்வாகம் காட்டியது புது மானிட்டர்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பொண்ணு எழுதிய தாளைப் பார்த்தேன். 17, 19, 16, 23. நாலில் மூன்று ஒற்றைப்படை எண்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அப்படி வராது. 23 எந்தப் பெட் என்று கேட்டேன். "ஏற்கனவே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்க்கா" என்றாள்.