சேலத்தில் யாரும் எரிக்கப்படவில்லை

‘1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் பியூரிட்டன்கள் (கடும் ஒழுக்கம் பேணிய புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள்) சூனியக்காரிகள் என்று பெண்களை உயிரோடு எரித்தார்கள்’ என்ற செய்தி பலராலும் பகிரப்படுகிறது. அது தவறு.

சேலம் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் அப்போது ஆங்கிலேயக் குடியேற்றம். ஆங்கிலேயச் சட்டம் சூனியத்தைக் கொடுங்குற்றமாகக் கருதித் தூக்குத்தண்டனை விதித்ததே தவிர, எரிக்கச் சொல்லவில்லை. எரிக்கும் வழக்கம் ஜெர்மானிய நாடுகள் போன்ற ஐரோப்பியப் பகுதிகளுக்கு உரியது. சேலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். அவர்களில் 14 பேர் பெண்கள், 5 பேர் ஆண்கள். ஜார்ஜ் பரோஸ் என்ற போதகரும் அந்த ஐவரில் ஒருவர் என்பதால், பெண்கள் மட்டுமே பலியானார்கள் என்பதும் பிழையே. விசாரணைக்கு உட்பட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி, உடல்மேல் பாறைகள் அடுக்கப்பட்டு நசுங்கி இறந்தார். குறைந்தது ஐவர் சிறையில் மாண்டனர்.

இத்திருத்தம் கொடுமையைச் சிறிதாக்குவதற்கு அன்று. கனவிலும் மாயத் தோற்றத்திலும் கண்டதாகச் சொல்லப்பட்டவற்றை நீதிபதிகள் சாட்சியமாக ஏற்றதுதான் அந்த உயிர்களைப் பறித்தது. இன்கிரீஸ் மாதர் என்ற போதகரே 1692 அக்டோபரில் அதை எதிர்த்து எழுதினார். நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், 1697 ஜனவரியில் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நிற்க, பழியைத் தன்மேல் ஏற்கும் அவருடைய மன்னிப்புக் கடிதம் சபையார் முன் வாசிக்கப்பட்டது. 1711இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது.