விழுங்குவதிலும் வித்தியாசம் இருக்கிறது
சாகும் செல்களை மாக்ரோஃபேஜ்கள் (குப்பையை விழுங்கி அகற்றும் நோய் எதிர்ப்புச் செல்கள்) விழுங்கிவிடுவதால் உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று செல்களின் சாவைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது, அந்த வேலை ஒழுங்காக நடக்கிறவரைக்கும்தான் சரி. கட்டுரையில் சொல்லியிருக்கிற பாஸ்பாடிடைல்செரீன் அடையாளம் (சாகும் செல் தன் மேற்பரப்பில் காட்டும் ஒரு கொழுப்பு) மட்டும் போதாது. ரத்தத்தில் இருக்கும் சி1கியூ என்ற புரதமும் சாகும் செல்லின் மேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பிறவியிலேயே சி1கியூ இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் (நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடம்பையே தாக்கும் நோய்) வந்துவிடுகிறது. அகற்றாமல் விட்ட செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே சிந்த, அதற்கு எதிராகவே ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உருவாவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஏ.என்.ஏ. பரிசோதனை (நியூக்ளியஸுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டறிவது) பரவலாவதற்கு முன் ஆய்வகத்தில் நாங்கள் லூபஸுக்கு எல்.இ. செல்லைத்தான் தேடுவோம், 1948இல் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் விவரித்தது. உறைந்த ரத்தத்தை 37 டிகிரியில் வைத்திருந்து, சல்லடையில் மசித்து, ஸ்மியர் போட்டு (கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி) மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒன்றுக்குள் வழவழவென்று பெரிய ஊதா உருண்டை அடைத்துக்கொண்டிருக்கும்; நியூட்ரோஃபில்லின் சொந்த நியூக்ளியஸ் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். அதுதான் எல்.இ. செல். அந்த உருண்டை, ஆன்டிபாடி ஒட்டிய இன்னொரு செல்லின் நியூக்ளியஸ். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் 'எது விழுங்கினால் என்ன, குப்பை போனால் சரி' என்று எழுதியிருக்கிறார். அப்படியில்லை. சாகும் செல்லை முறையாக விழுங்கும் மாக்ரோஃபேஜ் ஐ.எல்.-10, டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து அழற்சியை அடக்கும். ஆன்டிபாடி ஒட்டிய சிதைவுகளை விழுங்கும் செல்லோ அழற்சியைக் கிளப்பிவிடும்.