விருந்து நாளில் பிள்ளையின் தட்டை விட்டுவிடுவோம்

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளான தேங்க்ஸ்கிவிங், நெருங்கிவிட்டது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இந்நேரம் சூடுபிடித்திருக்கும். யார் வீட்டில் கூடுவது, யார் என்ன சமைத்து வருவது, வான்கோழி உண்டா இல்லையா, சைவம் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு நடுவில் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். தேங்க்ஸ்கிவிங் அன்றைக்காவது பிள்ளைகளின் தட்டை யாரும் கண்காணிக்க வேண்டாம். என்ன சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டாள், ஏன் அதைத் தொடவே இல்லை என்று கேட்க வேண்டாம். பெற்றவர்களும் கேட்க வேண்டாம், விருந்துக்கு வந்தவர்களும் கேட்க வேண்டாம்.

நமக்கு அது வருடத்தின் பெரிய சாப்பாடு. நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மதியச் சாப்பாடும் இல்லை, ராத்திரிச் சாப்பாடும் இல்லை, நாலு மணிக்குப் பந்தி. தூங்கவேண்டிய நேரம் போய்விட்டது. வீடு நிறைய முன்பின் தெரியாத முகங்கள். மேஜையில் இருப்பதில் பாதியை அது போன வருடம் பார்த்தது கூட நினைவிருக்காது. கிரேவி ஊற்றிய பழுப்பு நிற இறைச்சி, மேலே மார்ஷ்மெல்லோ உருகிக் கிடக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெள்ளைக் குழம்பில் மிதக்கும் பீன்ஸ் கேசரோல். நம் வீடுகளில் இவற்றோடு பிரியாணியும் வடையும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளை ஒரு பன்னையும் நாலு துண்டு ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதில் தவறே இல்லை. தனக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் அமைதியாக இருக்கப் பார்க்கிறது.

"பண்டிகைச் சாப்பாட்டை ஒரு வாயாவது சாப்பிட வேண்டாமா, அதுதானே மரபு" என்பார்கள். எந்த மரபு? அந்த பீன்ஸ் கேசரோலை 1955-இல் நியூ ஜெர்சி கேம்டனில் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல் கூடத்தில் டார்காஸ் ரெய்லி என்ற பெண்மணியும் அவரோடு வேலை பார்த்தவர்களும் உருவாக்கினார்கள். முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும், 1621-இல் இன்றைய மாசசூசெட்ஸின் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தைப் பற்றி, அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் வேட்டையாடிய பறவைகளும் வாம்பனோவாக் பூர்வகுடி மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் வருகின்றன. மசித்த உருளைக்கிழங்கும் இல்லை, பூசணிக்காயில் செய்யும் ‘பை’ என்ற இனிப்புப் பண்டமும் இல்லை. ஆக, இந்தச் சாப்பாட்டில் எதையும் ஒரு பிள்ளை சாப்பிட்டே தீரவேண்டும் என்று வரலாறு சொல்லவில்லை.

எலன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர், குடும்ப நல ஆலோசகரும் கூட, பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது ஒரு எளிய வேலைப் பங்கீடு. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்களின் பொறுப்பு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. எங்கள் வீட்டில் இதைக் கடைப்பிடிக்கிறோம். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை வெறும் பன்னோடு எழுந்துபோகும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தனி உறுதி வேண்டும். விருந்து நாட்களில்தான் அந்த உறுதி அதிகம் தேவைப்படுகிறது.

வற்புறுத்தினால் பிள்ளை கூடுதலாகச் சாப்பிடும் என்பதே பொய்க்கணக்கு. பென்சில்வேனியாவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2006-இல் வெளியானது. ஒரு சூப்பைக் குடிக்கச் சொல்லி "முடி, முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு சூப்பை எதுவும் சொல்லாமல் முன்னால் வைத்தார்கள். பேசாமல் வைத்த சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டும் இருந்தார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான லீயன் பர்ச், 1980-களிலேயே இன்னொன்றையும் காட்டியிருந்தார். "இதைக் குடித்தால் அது தருவேன்" என்று பரிசு பேசினால், குடிக்கச் சொன்ன பானத்தின் மேலேயே பிள்ளைக்கு ஆசை குறைந்துபோகிறது. "பீன்ஸ் சாப்பிட்டால் பை" என்று பேரம் பேசும்போது பீன்ஸ் தண்டனை ஆகிறது, பை பரிசு ஆகிறது. புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள அதைப் பத்துப் பதினைந்து முறை கூடச் சுவைக்கவேண்டி வரலாம். அதில் ஒரு முறை இந்த வியாழக்கிழமையாக இருக்கலாம். தொடாமல் பார்ப்பதும் பழகுவதற்கு ஒரு படிதான்.

நம் அம்மாக்களையும் மாமியார்களையும் பற்றி இந்த இடத்தில் பேசியாக வேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பாட்டி, "ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ கண்ணு" என்று கிண்ணத்தோடு பேரன் பின்னால் நடக்கிறார். அவரிடம் ஆய்வைக் காட்டி வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. ரேஷன் அரிசியை அளந்து பொங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் வைப்பது நெஞ்சில் குத்தும். ஊட்டிவிடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த அன்பு, அதைக் குறைசொல்ல நான் யார்? நான் செய்வது இரண்டுதான். ஒன்று, பிள்ளையின் தட்டில் முதலில் ஒரு தேக்கரண்டி அளவுக்குத்தான் வைப்பது, வேண்டுமானால் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வீணாகிறதே என்ற பாட்டியின் வருத்தம் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். இரண்டு, பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வேலை கொடுப்பது. வடைக்கு வெங்காயம் உரிப்பதோ, பன்னுக்கு மாவு பிசைவதோ, எதுவானாலும் சரி. கைகள் சேர்ந்து வேலை செய்தால் ஊட்டிவிடும் தவிப்பு தானாகத் தணிகிறது.

பண்டிகைச் சாப்பாட்டில் பிள்ளையைச் சேர்க்கும் வழி அடுப்படியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பொங்கலன்று பானை பொங்கும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பானைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், கூவுகிறார்கள். பொங்கலை எத்தனை கரண்டி தின்றார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது, கூவியது ஆயுசுக்கும் நினைவிருக்கும். தேங்க்ஸ்கிவிங்கில் அப்படியொரு வேலை இருக்கிறது, கிரான்பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் பழத்தில் சாஸ் செய்வது. கடையில் 12 அவுன்ஸ் பையாகக் கிடைக்கும். ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை கொதித்ததும் பழத்தைக் கொட்டினால் போதும். பத்து நிமிட வேலை. எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, இந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். முதலில் ஒரு பிடி பழத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுவாள். எல்லாம் மிதக்கும். ஒன்றைக் குறுக்கே வெட்டித் தம்பிக்குக் காட்டுவாள், உள்ளே நாலு குட்டி அறைகள், அவற்றுக்குள் காற்று. இதே காற்றை நம்பித்தான் நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் விஸ்கான்சினிலும் அறுவடைக்கு வயலில் தண்ணீரைக் கட்டி, சிவப்பாக மிதந்துவரும் பழத்தை ஒதுக்கி அள்ளுகிறார்கள். பிறகு அடுப்பு. நான் பக்கத்திலேயே நிற்பேன், சர்க்கரைப் பாகு கையில் தெறித்தால் பொத்துப்போகும். ஒவ்வொரு பழமாக டப், டப் என்று வெடிக்க ஆரம்பிக்கும். தம்பி நாற்காலியில் ஏறி நின்று, காதை மட்டும் நீட்டிக் கேட்பான். தண்ணீராக இருந்தது ஆறியதும் தானே கெட்டியாகிவிடும், பழத்திலேயே இருக்கும் பெக்டின் செய்கிற வேலை அது. மகள் அந்த சாஸை விரலால் தொட்டு நக்கிவிட்டு "புளிக்குது" என்று நகர்ந்துவிடுவாள். பரிமாறும்போது மட்டும் கிண்ணத்தை அவள்தான் ஏந்திவருவாள், வேறு யாரும் தொடக்கூடாது.

பிள்ளைகளுக்குத் தரவேண்டிய இன்னொரு பங்கு கதை. பள்ளியிலிருந்து கையை வரைந்து வான்கோழி ஆக்கிய தாளோடு வருவார்கள், ஒவ்வொரு விரலிலும் ஒரு நன்றி எழுதியிருக்கும். அந்தத் தாளை எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். ஒட்டிவிட்டு, வயதுக்குத் தக்கபடி மீதிக் கதையையும் சொல்வோம். இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் குடியேற வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். அவர்கள் குடியேறிய இடம் பட்டுக்ஸெட் என்ற வாம்பனோவாக் கிராமம். சில வருடங்களுக்கு முன் வந்த கொள்ளைநோயில் அந்தக் கிராமமே அழிந்திருந்தது. அந்த ஊர்க்காரரான டிஸ்குவாண்டமை 1614-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் பிடித்து ஸ்பெயினில் விற்றான். அவர் எப்படியோ தப்பி, இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பினால், ஊரில் ஒருவரும் இல்லை. அந்த மனிதர்தான் பசியோடு இருந்த புதியவர்களுக்கு மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1621 அறுவடை விருந்துக்கு வாம்பனோவாக் தலைவர் மாசசோயிட் தலைமையில் ஏறக்குறைய 90 ஆண்கள் வந்து மூன்று நாள் கூடிச் சாப்பிட்டார்கள். அந்த நட்பு நீடிக்கவில்லை, பிறகு நிலமும் உயிரும் பறிபோயின. 1970 முதல் இதே வியாழக்கிழமையை பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கும் பூர்வகுடி மக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"சாப்பிடும் நேரத்தில் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்வதா" என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். சொல்லலாம் என்பேன். நாலு வயதுக்கு "பசித்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு வந்தவர்கள் அவர்களுக்கு நியாயமாக நடக்கவில்லை" என்றால் போதும், நியாயமும் அநியாயமும் அந்த வயதுக்கு நன்றாகவே புரியும். பெரிய பிள்ளை மேற்கொண்டு கேட்கும். வந்தேறிகளாக இந்த மண்ணில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இது யாருடைய மண் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனிப்பைப் பற்றியும் கொஞ்சம். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல் வந்தன. ஒரு கையில் மைசூர்பாகு, இன்னொரு கையில் மிட்டாய்ப் பை. நான்கு வாரத்தில் தேங்க்ஸ்கிவிங் பை, அடுத்து கிறிஸ்துமஸ் குக்கி. இந்த வரிசையைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் ஒளித்து வைத்த இனிப்புதான் பிள்ளையின் மனதில் பெரிதாக வளர்கிறது. சாட்டரின் யோசனைப்படி, சாப்பாட்டோடு சேர்த்தே அவரவருக்கு ஒரு துண்டு வைத்துவிடுகிறோம். முதலில் தின்றாலும் சரி, கடைசியில் தின்றாலும் சரி. "எப்போ பை, எப்போ பை" என்ற நச்சரிப்பு அதோடு நின்றது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறு. "என்னடா இளைச்சுப்போயிட்ட, அம்மா சோறு போடறதில்லையா?" "பாப்பா நல்லா பூசினாப்ல ஆயிட்டா, பையெல்லாம் கொஞ்சம் பாத்துச் சாப்பிடும்மா." விருந்துக்கு வந்த இடத்தில், பத்து வயதுப் பெண்ணின் முகத்துக்கு நேரே இதைச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும், அந்தப் பெண் அன்று கையைக் கழுவிவிட்டு எழுந்ததை நான் பார்த்தேன். பிள்ளையின் உடம்பைப் பற்றி மேஜையில் ஒரு சொல் கூட வேண்டாம். நம் உடம்பைப் பற்றியும் வேண்டாம். "இன்னிக்குத் தின்னதுக்கு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடணும்" என்று நாம் சலித்துக்கொள்வதைக் கேட்டுத்தான், சாப்பாடு என்பது கழிக்கவேண்டிய கடன் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். மருத்துவர் எடை குறித்து ஏதாவது சொல்லியிருந்தால் அது அந்தப் பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலான விஷயம்.

தட்டைப் பார்க்காதே என்றால் ஆபத்தையும் பார்க்காதே என்று அர்த்தமில்லை. நாலு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முழுத் திராட்சை, முழு முந்திரி, பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கி வையுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகாது, தேன் தடவிய பன்றி இறைச்சியான ஹாம் கூட. பீகன் பையிலும் நம் குருமாவிலும் கொட்டை வகைகள் உண்டு, ஒவ்வாமை உள்ள பிள்ளை வருகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். சைவக் குடும்பங்களுக்கு மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங்கில் கோழிச் சாறு இருக்கக்கூடும் என்பது பல நேரம் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் ஒரு அட்டை வைப்போம். அதை எழுதுவது மகளின் வேலை, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவாள். யார் எதைச் சமைத்தார்கள், அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அத்தையிடமும் மாமாவிடமும் போய்க் கேட்டுத்தான் எழுதவேண்டும். வந்தவர்களோடு கூச்சமில்லாமல் பேச அவளுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இந்த வருடம் எங்கள் வீட்டில்தான் பந்தி. வரப்போகிறவர்களின் குழுவில் நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு வழக்கமான நேரத்தில் மதியச் சாப்பாடு கொடுத்தே அழைத்து வாருங்கள், பட்டினி போட்டுக் கூட்டிவர வேண்டாம். மேஜையில் தயிர்சாதமும் பன்னும் பழமும் கட்டாயம் இருக்கும், அதை மட்டும் சாப்பிட்டாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தனி மேஜை கிடையாது, எல்லோரும் கலந்து உட்காருவோம். வடைக்கு மாவு ஆட்டி வைத்திருப்பேன், ஒரு மணிக்கே வந்துவிடுங்கள், தட்டிப்போட நிறைய சின்னக் கைகள் தேவைப்படும்.