தெருநாய்க்குப் பிஸ்கட் போட்டால் மட்டும் போதுமா?

ரிட்டயர் ஆனவர்களைப் பார்த்து எல்லாரும் கேட்பது, "வீட்ல எப்படிப் பொழுது போகுது?" போகாத பொழுது யாரிடமாவது மிச்சம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் கொடுங்கள். சிலிண்டர் வந்தால் நான்தான் வாங்கி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரியர் தம்பிக்கு ஓடிபி சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற மூன்று வீட்டுக்காரர்களின் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அடுத்த தெருவில் இருக்கும் மகள் ஆபீஸ் விட்டு வரும்வரை பேத்தி இங்கேதான். பகலில் வீட்டில் இருக்கிறவள் என்றால் தெருவுக்கே பொதுவானவள் போலிருக்கிறது.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். 2020-ல் 58 முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்த மே மாதம்தான் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த வருஷம் அது 60 ஆனது. கொரோனா காலம் முழுக்க பிபிஇ கிட்டுக்குள் வெந்துவிட்டு, 2022-ல் மாலையும் சால்வையுமாக வீடு வந்து சேர்ந்தேன். மதுரையில் திருப்பாலைப் பக்கத்தில் எங்கள் தெருவில் இன்னும் நான் "நர்ஸம்மா"தான். பிரஷர் பார்க்க வருவார்கள், மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. குறை இருப்பது தெருநாய் விஷயத்தில்.

எங்கள் தெருவில் இரண்டு கட்சி. பிஸ்கட் கட்சிக்குத் தலைவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஐடி தம்பி. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, பைக்கை நிறுத்திவிட்டு, கேட் வாசலிலேயே பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துப் போடுவார். கம்புக் கட்சிக்குத் தலைவர் எதிர்வீட்டு அண்ணன். பேங்க் மேனேஜராக இருந்தவர். காலை வாக்கிங்குக்குப் பிரம்பு இல்லாமல் கிளம்ப மாட்டார். நலச்சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இந்த இரண்டு கட்சிக்கும் நடக்கிற சண்டையில்தான் மற்றவர்களுக்குப் பொழுது போகிறது.

2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி சுற்றுவட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அண்ணன் குழுவில் கைகூப்புகிற படமாகப் போட்டுத் தள்ளினார். ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிபிடித்ததையும் மூர்க்கமாகப் பாய்கிறதையும் மட்டும் விடக்கூடாது. சோறு போட வார்டுக்கு வார்டு தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். இப்போது படம் போடுவது மாடித் தம்பியின் முறை. நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கமெல்லாம் நாய்களை அகற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது. மறுபடி அண்ணன். டெல்லியில் எழுதுகிற ஒவ்வொரு தீர்ப்புக்கும் மதுரையில் ஒரு தெரு இரண்டாகப் பிரிகிறது.

இரண்டு பேரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி. நம்ம தெருவில் எந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, எதற்குப் போடவில்லை? பிஸ்கட் போடுகிறவருக்கும் தெரியவில்லை, பிரம்பு எடுக்கிறவருக்கும் தெரியவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு?

ஏன் ஊசியையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனி அறையில் ஒருவரைப் பார்த்தேன். கிராமத்து ஆள், நாற்பது வயதிருக்கும். நாய் கடித்தது எப்போதோ. காயம் ஆறித் தழும்புகூட மங்கியிருந்தது. நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கிறார். டம்ளரைக் கிட்டே கொண்டுபோனால் தொண்டை இழுத்துப் பிடித்து உடம்பே உதறுகிறது. ஃபேன் காற்று முகத்தில் பட்டாலும் அப்படித்தான். அதை நிறுத்திவிட்டு, அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உதறல் நின்றபோதெல்லாம் தெளிவாகப் பேசினார். மாட்டை யாரிடம் விட்டுவிட்டு வந்தாய் என்று பெண்டாட்டியிடம் விசாரித்தார். அறிகுறி வந்துவிட்டால் வெறிநோய்க்கு வைத்தியம் கிடையாது. அதற்கு முன்னால் முறையாக ஊசி போட்டுவிட்டால் தடுத்துவிடலாம். இதை நேரில் பார்த்தவர்களுக்கு வாட்ஸ்அப் சண்டையில் பொறுமை இருக்காது.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்னமும் பயப்படுகிறார்கள். நானே போட்டிருக்கிறேன், பயம் நியாயம்தான். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. குன்னூரில் 1907-ல் ஆரம்பித்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். 2004-ஓடு நாட்டில் அந்த மருந்தே நின்றுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், தோலுக்குள், கொசு கடித்த மாதிரி ஒரு சின்னத் தடிப்பு வரும். போன அன்றைக்கே ஒன்று, அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ரத்தம் வருகிற மாதிரி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். அதற்குப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தால் "அதான் இங்கயே ஊசி போட்டாச்சே" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

போன கோடை லீவில் பின் தெருவில் ஒரு பையனைக் குட்டி நாய் கடித்துவிட்டது. நான் போனபோது அவன் அம்மா காலில் மஞ்சள்தூளை அப்பிக்கொண்டிருந்தாள்.

"குட்டிதான் நர்ஸம்மா, சும்மா பல்லு பட்ருச்சு."

"குட்டின்னா நோய் வராதுன்னு யாரு சொன்னா? பைப்பத் தொறம்மா மொதல்ல."

துணி சோப்புதான் கையில் கிடைத்தது. ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். இரண்டாவது நிமிஷமே "போதும்ல?" என்றாள். போதாது. கழுவுவது பாதி மருந்து. அதன்பிறகு ஆட்டோ பிடித்து ஊசிக்குப் போனோம். சாயங்காலம் அவன் அப்பா தயங்கித் தயங்கி வந்து கேட்டார், "கோழிக்கறி குடுக்கலாமாக்கா? பத்தியம் எதுவும்…" நன்றாகக் கொடுங்கள் என்றேன். இந்த ஊசிக்குப் பத்தியமே இல்லை. கர்ப்பிணிகள்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட்டேன். பேத்தி மிச்சம் வைத்த லாங் சைஸ் நோட்டு. வார்டில் டியூட்டி ஒப்படைக்கும்போது எழுதுகிற மாதிரி கட்டம் கிழித்து: அடையாளம், ஆணா பெண்ணா, காது, ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி. "செவலை. பெண். காது வெட்டு உண்டு. பால்பூத் வாசலில் படுக்கும்." "வெள்ளை, முதுகில் கறுப்புத் திட்டு. ஆண். பின்னங்கால் தாங்கும். காது வெட்டு இல்லை." இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி. எங்கள் வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்து ஆதார் கார்டு எடுக்கப் போறியா?" என்றார்.

காது வெட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்க்கு மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சின்னதாக வெட்டிவிடுவார்கள். மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் இருக்க அந்த அடையாளம். ஆனால் காது வெட்டியிருந்தால் ஊசி பாக்கியில்லை என்று அர்த்தமில்லை. ஆபரேஷன் ஒரு தடவை, ஊசி வருஷா வருஷம். அதற்குத்தான் நோட்டு. ஒரு ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்தக் கணக்கை நம் தெரு அளவில் யாராவது போட வேண்டாமா?

கருத்தடை செய்து ஊசி போட்டு விடுகிற இந்த யோசனை டெல்லியிலிருந்து நம் தலையில் கட்டியதும் இல்லை. சென்னையில் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ்காரர்கள் 1960-களிலிருந்தே சொல்லிவந்தது. நாயைக் கொன்று தீராது என்று பட்டுத் தெரிந்துகொண்டு 1996-ல் சென்னை மாநகராட்சி இந்த வழிக்கு வந்தது. 2001-ல் மத்திய அரசு விதி போட்டது. 2023-ல் அதைப் புதுப்பித்தபோது, சோறு போடுகிற இடத்தைக் குடியிருப்போர் சங்கமே பேசி முடிவு செய்ய வேண்டும், பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலும் வீட்டு வாசலிலும் வேண்டாம் என்று எழுதினார்கள். நான் மாடித் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். தம்பி, போடுறது தப்பில்ல, ராத்திரி பதினோரு மணிக்குக் கேட் வாசல்ல போட்டா எல்லா நாயும் அங்கதான் காவல் இருக்கும், அந்த நேரம் வர்ற பைக்கத்தான் விரட்டும். இப்போது டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் காலிமனையில், சாயங்காலம் ஏழு மணிக்கு, பிஸ்கட்டுக்குப் பதில் சோறு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் அவர், மற்ற நாளில் நான். பைக் விரட்டல் நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணனை நான் வில்லனாக்கவில்லை. அவருக்குச் சுகர், காலில் உணர்ச்சி குறைவு. நாய் பாய்ந்து வந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. அந்த வயதில் இடுப்பு முறிந்து படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகளை நாய் குதறுகிற செய்தி வருகிற நாட்டில் பயப்படுகிறவர்களைப் பார்த்து "உயிர்நேயம் இல்லாதவர்கள்" என்று ஸ்டேட்டஸ் போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் "பிடிச்சு எங்கயாவது விட்ருங்க" என்பதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். யாரோ கூலி கொடுத்து எங்கள் தெருவிலிருந்து இரண்டு நாய்களை அழகர்கோவில் போகிற வழியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். இரண்டும் காது வெட்டினவை, ஊசியும் போட்டவை. அந்த மாதமே வேறு இரண்டு வந்து அதே இடத்தில் படுத்தன. காது முழுசாக இருந்தது, எங்கிருந்து வந்ததோ, யாரைக் கடித்ததோ. காசு செலவழித்து ஆபத்தை வாங்கி வைத்த கதை. நாய்க்குச் சினை இரண்டு மாதம்தான். ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்கூட உண்டு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு நாய்க் கதையும் இருக்கிறது. ஊரடங்கில் பொழுது போகாமல் என் மகன் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினான். பேர் டைகர். பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மகனுக்குச் சென்னையில் வேலை மாறி, அங்கே ஃபிளாட்டில் இடமில்லை என்று எங்களிடம் விட்டுப்போனான். "உங்களுக்கும் தொணையா இருக்கும்மா" என்றான். ரிட்டயர் ஆன அப்பா அம்மாவிடம் எதை விட்டுப்போனாலும் இந்தத் துணை வசனம் கூடவே வரும், கவனித்திருக்கிறீர்களா? உண்ணி எடுப்பது, முடி பெருக்குவது, மதுரை வெயிலில் மூச்சு வாங்குகிறதைத் தண்ணீர்த் துணியால் துடைப்பது எல்லாம் துணையில் சேர்த்தி. எங்கள் வீட்டுக்காரருக்கு டாக்டர் நடக்கச் சொன்னதால் அவர்தான் அதைக் கூட்டிப்போகிறார். அவருக்கு நாய்மேல் பாசம் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வரவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, போனில் அண்ணன் தம்பிகளோடு சொத்து விவகாரம் பேசிக்கொண்டே நடப்பார்.

ஓய்வூதியம் வாங்குகிற என் வயதுக்காரர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை தெருவில் நடப்பது எல்லாம் நமக்குத்தான் தெரியும். எந்த நாய் சினையாக இருக்கிறது, எது இரண்டு நாளாகச் சாப்பிடாமல் எச்சில் ஒழுகத் திரிகிறது, எது புதிது என்று வேலைக்குப் போகிறவர்களால் சொல்ல முடியாது. மாநகராட்சி வண்டி வந்தாலும் எந்த நாயைப் பிடிக்க வேண்டும் என்று காட்ட ஒரு ஆள் வேண்டும். இல்லையென்றால் வாலாட்டிக்கொண்டு வருகிற, ஏற்கெனவே காது வெட்டிய நாய்தான் முதலில் வலையில் விழும்.

நோட்டில் இப்போது பாக்கி ஒன்றுதான். கறுப்புப் பெட்டை, காது வெட்டு இல்லை, ஆள் கிட்டே போனாலே ஓடிவிடும். அது படுப்பது எதிர்வீட்டு அண்ணனின் காருக்கு அடியில். அவர் வீட்டு மதினி குரல் கொடுத்தால் மட்டும் வெளியே வரும். ஏனென்றால் அண்ணன் பிரம்போடு வாக்கிங் கிளம்பியதும் மதினி அதற்குத் தினமும் தயிர்சாதம் வைக்கிறார். (அண்ணன் முகநூலில் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.) வெள்ளிக்கிழமை காலை வண்டி வருகிறது. மதினி கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மட்டும் அண்ணனைக் கொஞ்சம் தூரமாக வாக்கிங் கூட்டிப்போகச் சொல்லி எங்கள் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். டைகரும் கூட வருமே, அவர் பிரம்போடு ஒத்துவருமா என்று கேட்கிறார்.