பில்ட் ஸ்கிரிப்டில் முதல் வேலை நீக்குவதே

ஆண்ட்ராய்டுச் செயலியின் பில்ட் ஸ்கிரிப்ட், எதை எந்தப் பதிப்பில் சேர்த்துத் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலாக இருக்க வேண்டுமே தவிர, அதுவே இன்னொரு செயலியாக வளர்ந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகள், செயலியை எழுதப் பயன்படும் கோட்லின் மொழியைக் கண்டு மிரளுவதில்லை. எங்கிருந்தோ நகலெடுத்த திட்டத்தில், தொகுப்புக் கருவியான கிரேடிலுக்கு எழுதிய பில்ட் ஸ்கிரிப்டைத் திறந்ததும்தான் அவர்களுக்குக் கை ஓடுவதில்லை.

அக்கோப்புகளில் காலாவதியான வரிகளே மிகுதி. லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை, இறக்கிக்கொள்ளும் ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப்போவதாக 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். அதைக் குறிப்பிடும் வரியோ இன்னும் உலவுகிறது. ஒரு லைப்ரரி தேவை என்று சொல்லும் ‘கம்பைல்’ என்னும் பழைய அறிவிப்பு கிரேடில் 7இல் அடியோடு நீக்கப்பட்டது. அதனிடத்தில் ‘இம்ப்ளிமென்டேஷன்’, ‘ஏபிஐ’ என்னும் இரண்டு வந்தன. ஒரு மாட்யூலில், அதாவது செயலியின் ஒரு தனிப் பகுதியில், ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்று குறித்த லைப்ரரி மாறினாலும், அந்த மாட்யூலைச் சார்ந்த மற்றவை மீண்டும் கம்பைல் ஆக வேண்டியதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ‘ஏபிஐ’ என்று எழுதிவிட்டால் அந்த ஆதாயம் போய்விடும். பழைய மடிக்கணினியில் அது நன்றாகவே தெரியும்.

எனக்குப் பெரும் எரிச்சலூட்டுவது, பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் போடப்படும் கூட்டல் குறி. அதைக் கண்டால் கிரேடில், இயல்பான அமைப்பில் 24 மணி நேரத்திற்கு ஒருமுறை, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் தேடும், இருந்தால் இறக்கிக்கொள்ளும். ப்ரீபெய்டு டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்து வேலை செய்யும் மாணவருக்கு இது வீண்செலவு. அதைவிட மோசம், ஒரே நிரல் இரண்டு மடிக்கணினிகளில் இரு வேறு லைப்ரரிப் பதிப்புகளுடன் தொகுக்கப்படுவது. பிழை எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பதிப்பு எண்களை முழுமையாக எழுதி, கிரேடிலின் வெர்ஷன் கேட்டலாக் என்னும் பதிப்புப் பட்டியல் கோப்பு ஒன்றிலேயே வைத்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

பத்துப் பதினைந்து மாட்யூல்கள் உள்ள நிறுவனங்கள் தங்கள் பொது அமைப்புகளைத் தனிப் பிளக்இன்களாக, அதாவது கிரேடிலுடன் இணைக்கும் துணை நிரல்களாக, பிரித்து வைப்பது நியாயமே. கோயில் திருவிழாவுக்கான ஒற்றை மாட்யூல் செயலிக்கு அந்தப் பந்தல் எதற்கு?

புரியாத வரியை நீக்கினால் ஏதாவது உடையாதா என்று கேட்கிறார்கள், உடையலாம். ஆகவே ஒரு வரியை நீக்கி, வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்ட் வரை ஓட்டிப் பார்த்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பதிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். செயலியை வெளியிடும்போது அதில் டிஜிட்டல் கையொப்பமிடும் சாவியின் கடவுச்சொல் ஸ்கிரிப்டில் இருந்தால், அதைத் திட்டத்துக்கு வெளியே, உங்கள் கணக்கின் கிரேடில் கோப்புறையில் உள்ள ப்ராப்பர்ட்டீஸ் கோப்புக்கு மாற்றிவிடுங்கள். திட்டத்துக்கான கிரேடிலை இறக்கி ஓட்டும் ரேப்பர் கோப்புகளை மட்டும் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எல்லோருடைய கணினியிலும் ஒரே கிரேடில் பதிப்பு ஓடுவது அவற்றால்தான்.