சிவப்புப் புழு நெளிந்தால் சேறு சுத்தமா?

'குளத்துச் சேற்றில் சிவப்புப் புழு உயிரோடு நெளிந்தால் நஞ்சே இல்லை, ஆய்வகங்களும் இப்படித்தான் பார்க்கின்றன' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மை, அதுதான் வம்பு.

அது கைரோனோமஸ் என்ற கடிக்காத பூச்சியின் இளம்புழு. மீன் வளர்ப்பவர்கள் 'பிளட் வார்ம்' என்பார்கள். சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். அதனால்தான் ஆக்சிஜன் வற்றிய சாக்கடைச் சேற்றிலும் அது தாக்குப்பிடிக்கிறது. மற்ற பூச்சிகள் ஓடிப்போன இடத்தில் இது மட்டும் மொய்த்தால், சந்தேகம்தான் வரவேண்டும்!

சரி, ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? வேதிப்பொருள்களைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி-யின் 218-ஆம் வழிகாட்டி (2004) சொல்வது இது: வேதிப்பொருள் கலந்த சேற்றில், முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன புழுக்களை விடவேண்டும். கைரோனோமஸ் ரிபாரியஸ் இனமென்றால் 28 நாள். எத்தனை பூச்சி சிறகு முளைத்து வெளியேறுகிறது, எப்போது என்று எண்ணுவார்கள். பக்கத்திலேயே நஞ்சில்லாத சேறும் இருக்கும். அதில் 70 சதவீதமாவது வெளிவராவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. உயிரோடு இருக்கும் புழுவின் வாய்ப்பகுதிப் பற்கள்கூட மாசால் கோணலாகலாம். அது நுண்ணோக்கியில்தான் தெரியும், கரையில் நின்று எட்டிப்பார்த்தால் தெரியாது.